டிராக்டர், பவர் டில்லர், மோட்டார்: எந்த இயந்திரத்துக்கு எந்த ஆயில்?

நடவு நேரத்தில் டிராக்டர் நின்றுபோனால் என்ன ஆகும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாற்று முற்றிப்போகும், ஆள் கூலி வீணாகும், வாடகை வண்டிக்கு அலைய வேண்டும். அப்படி நிற்கும் இயந்திரங்களில் பல, பாகம் தேய்ந்து நிற்பவை அல்ல. தவறான ஆயில், குறைந்த ஆயில், அழுக்கேறிய ஆயில் ஆகியவைதான் அந்தப் பாகத்தைத் தேய வைக்கின்றன. ஓர் இன்ஜினைப் பிரித்து ரிங், பேரிங் மாற்றிப் பூட்ட ஆகும் செலவில், பல ஆண்டுகளுக்கு நல்ல ஆயில் வாங்கி ஊற்றிவிடலாம்.

அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்கு வண்டி மை ஒன்றே போதும். இன்றைக்கு ஒரே டிராக்டரில் இன்ஜினுக்கு ஓர் ஆயில், கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் வேறு ஆயில், நிப்பிள்களுக்கு கிரீஸ் என்று தனித்தனியாகத் தேவைப்படுகிறது. எதை எங்கே ஊற்றுவது, டப்பாவில் உள்ள எண்களுக்கு என்ன பொருள் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

ஆயில் செய்யும் வேலைகள்

இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் நடுவில் மெல்லிய படலமாக நிற்பது ஆயிலின் முதல் வேலை. அது மட்டும் அல்ல. உராய்வில் உண்டாகும் சூட்டை எடுத்துச் செல்கிறது. கரியையும் தேய்மானத் தூளையும் தன்னோடு சேர்த்து ஃபில்டருக்குக் கொண்டுபோகிறது. துருப்பிடிக்காமல் காக்கிறது. பிஸ்டன் ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைக்கிறது. ஹைட்ராலிக்கில் கலப்பையைத் தூக்கும் விசையே ஆயில் வழியாகத்தான் செல்கிறது.

இந்த வேலைகள் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு அளவில் தேவைப்படுகின்றன. இன்ஜினில் சூடும் கரியும் அதிகம். கியர் பெட்டியில் பல்லுக்குப் பல் அழுத்தம் அதிகம். அதனால்தான் ஆயில் தயாரிக்கும்போது சேர்க்கும் மருந்துகளும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நிறமும் கைப்பிடிப்பும் ஒன்றுபோல் இருக்கிறது என்பதற்காக ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றக் கூடாது.

டப்பாவில் பார்க்க வேண்டியவை இரண்டு

முதலாவது, ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண். தண்ணீர் உடனே வழிந்துவிடும், தேன் மெதுவாக வழியும். இந்த வேறுபாட்டைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். இன்ஜின் ஆயில் டப்பாவில் எஸ்ஏஇ 15டபிள்யூ-40 என்று இருக்கும். இதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 15டபிள்யூ என்பது குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், 40 என்பது 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. இப்படி இரண்டு எண்கள் இருந்தால் அது மல்டிகிரேடு ஆயில். வெறும் 30 அல்லது 40 என்று இருந்தால் ஒற்றை கிரேடு. தமிழ்நாட்டுச் சமவெளியில் உறையும் குளிர் இல்லை. ஆனாலும் விடியற்காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே வால்வு வரை சீக்கிரம் ஏற வேண்டும் என்பதால் மல்டிகிரேடு நல்லது.

இரண்டாவது, தரத்தைச் சொல்லும் குறி. ஏபிஐ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். டீசல் இன்ஜின் ஆயிலுக்கு சி-யில் தொடங்கும். சிஎஃப்-4, சிஎச்-4, சிஐ-4, சிகே-4 என்பவை ஒன்றன்பின் ஒன்றாக வந்த தரங்கள். சிஎச்-4 1998-லும், சிஐ-4 2002-லும், சிகே-4 2016-லும் வந்தன. எஸ் எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் இன்ஜின் ஆயில். மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஆயில் மீந்துவிட்டது என்று டிராக்டரில் ஊற்றுவது தவறு. டீசலில் உண்டாகும் கரியை அது சமாளிக்காது.

விலையையும் விளம்பரத்தையும் பார்ப்பதற்கு முன், இந்த இரண்டு குறிகளும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால், விலை சற்றுக் குறைந்த நல்ல நிறுவன ஆயிலும் போதும். பொருந்தாவிட்டால் விலை உயர்ந்த ஆயிலாலும் பயன் இல்லை.

90 என்றால் 40-ஐவிட இரு மடங்கு கெட்டியா?

பலரும் குழம்பும் இடம் இது. இன்ஜின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், ஹைட்ராலிக் ஆயிலுக்கு இன்னோர் அளவுகோல். மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடக் கூடாது.

கியர் ஆயிலில் 90 என்று போட்டிருந்தாலும், சூட்டில் அதன் கெட்டித்தன்மை ஏறத்தாழ 40 அல்லது 50 இன்ஜின் ஆயிலின் அளவில்தான் இருக்கும். ஹைட்ராலிக் ஆயிலில் விஜி 32, விஜி 46, விஜி 68 என்று வரும் எண்கள், 40 டிகிரி சூட்டில் அளந்தவை. விஜி 68 என்பது கிட்டத்தட்ட 20 இன்ஜின் ஆயில் அளவுக்குத்தான் கெட்டி. எனவே, எண் பெரிதாக இருக்கிறது, கெட்டியாக இருக்கும் என்று எண்ணி மாற்றி ஊற்ற வேண்டாம்.

இன்ஜின் ஆயில்

இன்று ஓடும் பெரும்பாலான டிராக்டர்களுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. பழைய மெதுவேக டீசல் பம்ப்செட் இன்ஜின்களுக்கு ஒற்றை கிரேடு 30 அல்லது 40 என்று கையேட்டில் இருக்கும்.

கையேடு கேட்கும் தரத்தைவிடப் புதிய தரத்தில் ஆயில் கிடைத்தால் பெரும்பாலும் பயன்படுத்தலாம். பழைய தரத்துக்கு இறங்கக் கூடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. இவற்றில் புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள வண்டிகள் உண்டு. அவற்றுக்குச் சாம்பல் குறைவாக உண்டாக்கும் சிகே-4 போன்ற ஆயில்தான் ஊற்ற வேண்டும். வேறு ஆயில் ஊற்றினால், அது எரிந்து உண்டாகும் சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். அந்த வடிகட்டியின் விலை அதிகம்.

வண்டி பழசாகிவிட்டது, புகைகிறது என்று கெட்டியான ஆயிலுக்கு மாறுபவர்கள் இருக்கிறார்கள். சில நாள் புகை குறையும், ஆயில் பிரஷர் ஏறியதுபோலத் தெரியும். ஆனால் ஸ்டார்ட் செய்த நேரத்தில் அந்த ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், பேரிங் காய்ந்த நிலையில் ஓடும். தேய்ந்த ரிங்குக்கு மருந்து புது ரிங்தான்.

ஆயிலில் கலப்பதற்கென்று தனியாக விற்கும் மருந்து டப்பாக்களும் தேவையில்லை. தரமான ஆயிலில் தேவையான மருந்துகள் சரியான அளவில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன.

டர்போ உள்ள இன்ஜின் என்றால் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். வேலை முடிந்து நிறுத்தும்போதும் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். சூடான டர்போவில் ஆயில் ஓட்டம் திடீரென நின்றால், அங்கேயே கருகிப் படிந்துவிடும்.

கியர், ஹைட்ராலிக், பிரேக்: அதிகத் தவறு நடக்கும் இடம்

இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் கியர் பெட்டி, பின் ஆக்சில், ஹைட்ராலிக், ஆயிலில் மூழ்கிய பிரேக் ஆகிய நான்குக்கும் ஒரே தொட்டி. இந்த ஒரே ஆயில் பல்லையும் காக்க வேண்டும், பம்பிலும் தடையின்றி ஓட வேண்டும், பிரேக் தட்டுகள் வழுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்றே தயாரித்த ஆயிலை யுடிடிஓ என்று டப்பாவில் குறிப்பிடுவார்கள். கடையில் 'டிராக்டர் கியர் – ஹைட்ராலிக் ஆயில்' என்றால் தருவார்கள்.

இந்தத் தொட்டியில் சாதாரண கெட்டி கியர் ஆயிலை ஊற்றினால் என்ன நடக்கும்? பிரேக் மிதிக்கும்போது கரகரவென்று சத்தம் வரும், அல்லது பிரேக் பிடிக்காமல் வழுக்கும். கரும்பு லோடு ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் இறங்கும்போது இப்படி ஆனால் உயிருக்கே ஆபத்து. ஹைட்ராலிக் பம்பும் கெட்டி ஆயிலை இழுக்க முடியாமல் முனகும், லிஃப்ட் மெதுவாக ஏறும்.

வறண்ட பிரேக் உள்ள பழைய டிராக்டர்களிலும் பவர் டில்லர்களிலும் தனிக் கியர் பெட்டிக்கு கியர் ஆயில் கேட்கப்படலாம். கியர் ஆயிலிலும் இரண்டு தரம் உண்டு: ஜிஎல்-4, ஜிஎல்-5. ஐந்து என்பது நான்கைவிட உயர்ந்தது என்று நினைத்து மாற்ற வேண்டாம். கடும் அழுத்தம் தாங்குவதற்காக ஜிஎல்-5-இல் சேர்க்கும் கந்தக மருந்து அதிகம். கியர் பெட்டிக்குள் பித்தளை, வெண்கலப் பாகங்கள் இருந்தால் அவற்றை அது அரிக்கக்கூடும். கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4தான்.

டிப்பர் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிரெய்லரின் ஜாக்கிக்குள் போவது உங்கள் டிராக்டரின் ஆயில்தான். அதே டிரெய்லர் நேற்று வேறு டிராக்டரில் மாட்டப்பட்டிருந்தால், அந்த வண்டியின் ஆயிலும் அழுக்கும் இன்று உங்கள் தொட்டிக்குள் வரும். இரவல் டிரெய்லரை மாட்டும் முன் இணைப்பு முனைகளை நன்றாகத் துடையுங்கள், அந்த வண்டியில் என்ன ஆயில் என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியில் அளவு பாருங்கள்.

ரோட்டவேட்டரும் சேற்று உழவும்

ரோட்டவேட்டருக்கு மேலே ஒரு கியர் பெட்டி, பக்கவாட்டில் ஒரு பெட்டி. இரண்டிலும் ஆயில் இருக்க வேண்டும். மேலே பார்ப்பவர்கள் பக்கப் பெட்டியை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இவற்றுக்கு 90 அல்லது 140 கியர் ஆயில் சொல்லியிருப்பார்கள்.

சேற்று உழவில் ஆயிலுக்குப் பெரிய எதிரி தண்ணீர்தான். வைக்கோல், நூல், கம்பி போன்றவை ரோட்டார் தண்டின் ஓரத்தில் சுற்றிக்கொண்டு ஆயில் சீலை அறுத்துவிடும். சீல் போனால் ஆயில் வெளியே, சேறு உள்ளே. தினமும் வேலை முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, சுற்றியிருப்பதை அறுத்து எடுங்கள். கேஜ் வீல் போட்டு உழுத பருவம் முடிந்ததும் கியர் ஆயிலையும் ரோட்டவேட்டர் ஆயிலையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். உடனே மாற்ற வேண்டும்.

கிரீஸ்

கிரீஸ் என்பது ஆயிலைச் சோப்புபோன்ற பொருளில் பிடித்து நிறுத்திய கலவை. ஆயில் ஓடிவிடும் இடத்தில் கிரீஸ் தங்கும். டப்பாவில் என்எல்ஜிஐ 2 என்று இருப்பது அதன் கெட்டி அளவு. எண் கூடக் கூடக் கெட்டி கூடும். டிராக்டர் நிப்பிள்களுக்கும் வீல் பேரிங்குக்கும் பொதுவாக 2-ஆம் எண் லித்தியம் கிரீஸ் சொல்லப்படுகிறது.

கால்சியம் கிரீஸ் விலை குறைவு, தண்ணீரில் நன்றாக நிற்கும். ஆனால் சாதாரண கால்சியம் கிரீஸ் 100 டிகிரி சூட்டை நெருங்கும்போதே உருகத் தொடங்கிவிடும். லித்தியம் கிரீஸ் 180 டிகிரி அளவு வரை உருகாமல் நிற்கும். சூடாகும் வீல் பேரிங்கில் மலிவு கிரீஸ் வைத்தால் உருகி வழிந்துவிடும். இரு வகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கவும் கூடாது. கலந்தால் கஞ்சிபோல இளகிப்போகலாம். மாற்ற வேண்டுமானால் பழையதைத் துடைத்துவிட்டு வையுங்கள்.

முன் ஆக்சில், ஸ்டியரிங் மூட்டுகள், பிடிஓ தண்டு ஆகியவற்றுக்கு வேலை நாள்களில் தினமும் கிரீஸ் அடிப்பது நல்ல பழக்கம். கிரீஸ் கன்னை வைக்கும் முன் நிப்பிளைத் துணியால் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். பழைய கிரீஸும் தண்ணீரும் ஓரத்தில் பிதுங்கி, புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். இன்ஜினையும் பிடிஓவையும் நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

மோட்டார், பம்ப்செட்

மோனோபிளாக் மோட்டார் பேரிங்கில் கிரீஸை நிறைத்து அடைக்கக் கூடாது. பேரிங் பெட்டியின் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். அதிகமாக வைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடாகி, பேரிங்தான் கெடும்.

போர்வெல்லில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார்களில் தண்ணீர் நிரப்பும் வகை, ஆயில் நிரப்பும் வகை என இரண்டு உண்டு. தண்ணீர் வகையில் உள்ளே உள்ள தண்ணீரே பேரிங்குக்கு ஆயில் போல வேலை செய்கிறது. இறக்கும் முன் சுத்தமான தண்ணீரை, காற்றுக் குமிழி நிற்கும் வரை முழுமையாக நிரப்ப வேண்டும். இதில் ஆயில் ஊற்றவே கூடாது. ஆயில் வகைக்கு நிறுவனம் சொல்லும் ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயில் ஆகாது.

விசைத்தெளிப்பான், புல் வெட்டும் கருவி, பவர் வீடர்

சிறு கருவிகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலுக்குத் தனித் தொட்டி இல்லை. 2டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலக்க வேண்டும். 25-க்கு 1 என்று சொல்லியிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளவு மூடியால் அளந்து, தனி கேனில் குலுக்கிக் கலந்து, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் சிறிது நேரத்திலேயே பிஸ்டன் சீஸ் ஆகிவிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக் வீடர், பம்புகளில் ஆயில் தனியாக இன்ஜினில் ஊற்றுவது. புதிய கருவிகள் பல ஆயில் இல்லாமலேயே கடைக்கு வருகின்றன. மானியத்தில் வந்த கருவி ஆனாலும், கடையில் வாங்கியது ஆனாலும், முதல்முறை கயிறு இழுக்கும் முன் ஆயில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

ஆயிலின் நிலையைக் கண்டறிவது எப்படி?

* கறுப்பாக இருப்பது: டீசல் இன்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுக்கும். கரியைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்றே பொருள். நிறத்தை மட்டும் பார்த்து, கெட்டுவிட்டது என்றோ நன்றாக இருக்கிறது என்றோ முடிவு செய்யக் கூடாது.
* பால்போல வெளுப்பது: தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினில் என்றால் ஹெட் கேஸ்கெட்டோ கூலரோ பழுதாகியிருக்கலாம். ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.
* அளவு ஏறுவது: ஊற்றாமலேயே ஆயில் ஏறினால் டீசலோ தண்ணீரோ உள்ளே போகிறது. நீர்த்து, டீசல் வாடை வந்தால் பம்ப், நாசிலைப் பார்க்க வேண்டும்.
* அளவு வேகமாக இறங்குவது: கசிவு, அல்லது ரிங், வால்வு வழியாக எரிகிறது. நீலப் புகை இதற்கு அடையாளம்.
* பளபளக்கும் தூள்: பேரிங் அல்லது பல் தேய்கிறது. தள்ளிப்போடாதீர்கள்.

ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தாலோ பிரஷர் முள் விழுந்தாலோ, இன்னும் ஒரு சால் ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் உடனே நிறுத்துங்கள். அந்த ஒரு சாலில் கிராங்க் பேரிங் போய்விடும்.

அளவு பார்ப்பதும் மாற்றுவதும்

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் போட்டு எடுத்துப் பாருங்கள். ஓட்டிய பிறகு பார்ப்பதானால் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. ஆயில் நுரைத்து, சீல் வழியாகக் கசியும்.

மாற்றும் காலத்தை மாதக் கணக்கில் இல்லாமல் ஹவர் மீட்டர் கணக்கில் வையுங்கள். புது வண்டிக்கு முதல் சர்வீஸ் 50 மணி நேர அளவிலும், பிறகு பல வண்டிகளுக்கு 250 மணி நேரத்துக்கு ஒருமுறையும் இன்ஜின் ஆயில் மாற்றச் சொல்வார்கள். வண்டிக்கு வண்டி இது மாறும் என்பதால் உங்கள் கையேட்டைப் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது இறக்கினால் அழுக்கும் சேர்ந்து வரும். ஃபில்டரையும் கூடவே மாற்றுங்கள். பழைய ஃபில்டருக்குள் இருக்கும் கரி ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடும்.

புழுதி உழவிலும் நெல் தூற்றும் களத்திலும் ஓடும் வண்டிக்கு ஏர் கிளீனர் முக்கியம். ஆயில் கிண்ணம் உள்ள வகை என்றால் தினமும் திறந்து பார்த்து, அடியில் சேறு படிந்திருந்தால் கழுவிப் புது ஆயிலைக் கோடு வரை ஊற்றுங்கள். உள்ளே போகும் புழுதி ஆயிலோடு கலந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல ரிங்கைத் தின்னும்.

பருவம் முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால், நிறுத்தும் முன்பே ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் நிற்கும் காலத்தில் பேரிங்கை அரிக்கும்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

* சீல் உடையாத டப்பாவை, ரசீதோடு வாங்குங்கள். தயாரித்த தேதி, பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். சில்லறையாக அளந்து ஊற்றும் ஆயிலைத் தவிர்ப்பது நல்லது.
* காலி டப்பாவை அப்படியே விற்காமல் ஓட்டை போட்டுக் கொடுங்கள். போலி ஆயில் நிரப்ப அது பயன்படாது.
* பேரலை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல்மூடியில் தேங்கும் மழைநீரை, பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி உள்ளே இழுத்துவிடும். கொட்டகையில், படுக்க வைத்து, இரு மூடிகளும் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி வையுங்கள்.
* பூச்சிமருந்து அளந்த குவளையையும் புனலையும் ஆயிலுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இறக்கிய பழைய ஆயிலை வாய்க்காலிலோ கிணற்று ஓரத்திலோ ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் கழிவு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. மண்ணில் இறங்கினால் நிலத்தடி நீரைக் கெடுக்கும். கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, மறுசுழற்சிக்கு எடுக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடலாம். பழைய ஆயிலை வடிகட்டி வேறு இயந்திரத்தில் ஊற்றுவதும் வேண்டாம். துணியில் வடிகட்டினால் தூசிதான் நிற்கும், அமிலமும் மிக நுண்ணிய கரியும் அப்படியேதான் இருக்கும்.

ஒரு பக்கம் எழுதி ஒட்டுங்கள்

கொட்டகைச் சுவரில் ஓர் அட்டையை ஒட்டுங்கள். ஒவ்வோர் இயந்திரத்தின் பெயருக்கும் எதிரே, எந்த இடத்தில், எந்த எண், எந்தத் தரம், எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்தில் மாற்றியது என்று எழுதுங்கள். கையேடு தொலைந்திருந்தால் வண்டியின் மாடலைச் சொல்லி டீலரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது அந்த அட்டையைக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினால் போதும். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் ஓட்டுநரோ பிள்ளைகளோ ஆயில் ஊற்ற நேர்ந்தாலும் தவறு நடக்காது.